உதகை ஏரியின் மீன்வளமும் தூண்டில் மீன்பிடிப்பும்

உதகை ஏரி, நீலகிரி மாவட்டத்தின் தலைமையிடமான உதகமண்டலத்தில் உள்ள சிறிய நன்னீர் ஏரியாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், சுமார் 65 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது. சுற்றுலாப் பயணிகள் இதனைப் படகுச் சவாரிக்குரிய இடமாகவே அறிவர். ஆனால், இந்திய மலைப்பகுதி மீன் வளர்ப்பின் வரலாற்றில் இவ்வேரிக்குத் தனி இடம் உண்டு. இதில் எந்த மீன்கள் எவ்வாறு வந்தன, எவை நிலைத்தன, தூண்டில் போடுபவருக்கு என்ன வாய்ப்பு உண்டு, பிடித்த மீனை உண்ணலாமா என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

ஏரியின் தோற்றம்

இது இயற்கையாகத் தோன்றிய ஏரி அன்று. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன், பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகளைக் குறுக்கே கரை கட்டித் தேக்கி இதனை உருவாக்கினார். 1823இல் தொடங்கிய பணி 1825இல் நிறைவுற்றது. தொடக்கத்தில் ஏரி இன்றுள்ளதைவிடப் பெரிதாக இருந்தது. பின்னர் அதன் பகுதிகள் தூர்ந்தும் தூர்க்கப்பட்டும் போயின. இன்றைய குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் பழைய ஏரிப் படுகையில் அமைந்தவையே. படகு இல்லம் 1973இல் ஏற்பட்டது.

பரப்பு சுருங்கியது மீன்களுக்கு நேரடி இழப்பாகும். ஏரியின் ஆழமான நடுப்பகுதியைவிட, செடிகள் முளைத்த ஆழமற்ற ஓரப்பகுதியே மீன்கள் முட்டையிடவும் குஞ்சுகள் வளரவும் ஏற்றது. ஒரு ஏரியைத் தூர்க்கும்போது முதலில் மறைவது இந்த ஓரப்பகுதிதான்.

மலை உச்சியில் மீன்கள் குறைவாக இருந்தது ஏன்?

நீலகிரிப் பீடபூமியிலிருந்து இறங்கும் ஆறுகளும் ஓடைகளும் செங்குத்தான அருவிகளாக விழுகின்றன. சமவெளி மீன்கள் இவ்வருவிகளைத் தாண்டி மேலே ஏற இயலாது. குளிர்ந்த நீரும் சமவெளி மீன்களுக்கு ஒவ்வாது. எனவே உச்சி ஓடைகளில் சிறிய வகை மீன்களே வாழ்ந்தன. தூண்டிலுக்கும் உணவுக்கும் பயன்படும் பெரிய மீன்கள் இல்லை. இங்குக் குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டு மீன்களைக் கொண்டுவர முயன்றதற்கு இதுவே காரணம்.

கொண்டுவரப்பட்ட மீன்கள்

*டிரவுட்:* மீனியல் அறிஞரான பிரான்சிசு டே 1863 முதல் இம்மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். அம்முயற்சிகள் வெற்றி பெறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைபெற்றது. அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது.

*டெஞ்ச், பொன் கெண்டை:* இவ்விரண்டும் ஏறத்தாழ 1870ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்டு உதகை நீர்நிலைகளில் விடப்பட்டன. இவை தேங்கிய நீரை விரும்புபவை.

*சாதாக் கெண்டை:* இதன் அறிவியல் பெயர் சைப்ரினசு கார்ப்பியோ. கண்ணாடிக் கெண்டை எனப்படும் இதன் ஒரு வகை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. உடல் முழுதும் செதில் இல்லாமல், ஆங்காங்கே பெரிய பளபளப்பான செதில்கள் மட்டும் இருப்பதால் இப்பெயர் பெற்றது. இங்கிருந்து நாட்டின் பிற குளிர்ப் பகுதிகளுக்கும் இது பரப்பப்பட்டது.

கெண்டை வென்றது எவ்வாறு?

டிரவுட் ஓடும் நீரில் வாழும் மீன். கூழாங்கற்கள் நிறைந்த ஓடைப் படுகையில்தான் முட்டையிடும். நீரின் வெப்பநிலை 20 பாகை செல்சியசைத் தாண்டினால் துன்புறும். உயிர்வளி நிறைந்த தெளிந்த நீர் அதற்குத் தேவை.

சாதாக் கெண்டையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. தேங்கிய நீரிலேயே முட்டையிடும். ஒட்டும் தன்மையுடைய அதன் முட்டைகள் நீர்ச்செடிகளின் இலைகளில் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு கிலோ எடையுள்ள பெண் மீன் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். சேற்றைக் கிளறி அதிலுள்ள புழு, பூச்சி, மட்கிய பொருள் அனைத்தையும் உண்ணும். கலங்கிய நீரும் குறைந்த உயிர்வளியும் அதனைத் தடுப்பதில்லை. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய நம் நாட்டுப் பெருங்கெண்டைகள் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை. ஆகையால் ஏரியில் விட்டால் வளருமேயன்றி எளிதில் பெருகுவதில்லை. சாதாக் கெண்டைக்கு இத்தடையும் இல்லை.

இந்த வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. உலகின் மிகக் கொடிய 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் சாதாக் கெண்டை, வானவில் டிரவுட் ஆகிய இரண்டுமே இடம்பெற்றுள்ளன. கெண்டை சேற்றைக் கிளறுவதால் நீர் கலங்குகிறது; வெயில் உள்ளே செல்வதில்லை; அடியில் முளைக்கும் செடிகள் அழிகின்றன; சேற்றில் அடங்கியிருந்த உப்புச் சத்துகள் மீண்டும் நீரில் கலந்து பாசியை வளர்க்கின்றன. காசுமீர ஏரிகளில் இக்கெண்டை பெருகியபின் அங்குள்ள நாட்டு மீன்கள் குறைந்தன. ஆகவே ஒரு ஏரியில் மீன் நிறைய இருப்பதை மட்டும் கொண்டு அது நலமாக உள்ளது எனக் கூற இயலாது.

உயிர்வளிக் கணக்கு

மலை ஏரிகளில் மீன் வாழ்வதற்குரிய எல்லை மிகக் குறுகியது. நீரில் கரையும் உயிர்வளியின் (ஆக்சிஜன்) அளவு இரண்டைப் பொறுத்தது. ஒன்று வெப்பநிலை, நீர் குளிர்ந்தால் கூடுதலாகக் கரையும். மற்றொன்று காற்றழுத்தம், உயரம் கூடினால் அழுத்தம் குறைந்து, கரைவதும் குறையும்.

கடல் மட்டத்தில் 20 பாகை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கே. எனவே அதே 20 பாகையில் இங்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம்தான் கரையும். டிரவுட் நலமாக வாழச் சுமார் 6 மில்லிகிராம் தேவை. அதாவது மிகத் தூய நீரிலும்கூட மிச்சம் இருப்பது ஒரு மில்லிகிராம் அளவே. சிறிதளவு கழிவு கலந்தாலும் அந்த மிச்சம் போய்விடும்.

கழிவுநீரின் விளைவு

உதகை ஏரியின் பெருந்துன்பம் கழிவுநீரே. நகரின் ஊடே வரும் கோடப்பமந்து கால்வாய், மழைநீருடன் வீடுகள், விடுதிகள், கடைகளின் கழிவையும் சேர்த்து ஏரிக்குக் கொண்டுவருகிறது. இதனால் நிகழ்வதைப் படிப்படியாகக் காணலாம்.

1. கழிவில் உள்ள நைட்ரசனும் பாசுபரசும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகின்றன.
2. பாசி பெருகி நீர் பச்சையாகிறது. பகலில் ஒளிச்சேர்க்கையால் உயிர்வளியை வெளியிட்டாலும், இரவில் பாசியும் சுவாசிப்பதால் உயிர்வளி குறைகிறது.
3. இறந்த பாசியும் கழிவும் அடியில் படிந்து அழுகுகின்றன. அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் எஞ்சிய உயிர்வளியையும் பயன்படுத்திவிடுகின்றன.
4. விடியற்காலையில் உயிர்வளி மிகக் குறைந்த நிலையை அடைகிறது. மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. இந்நிலை நீடித்தால் மீன்கள் கூட்டமாக இறக்கின்றன.

ஏரியில் மீன்கள் செத்து மிதந்தால் யாரோ நஞ்சு கலந்துவிட்டதாகப் பேச்சு எழுவது வழக்கம். பல நேரங்களில் காரணம் இந்த உயிர்வளிக் குறைவே. பெரிய மீன்கள் முதலில் இறப்பதும், இறப்பு விடியலில் நிகழ்வதும் இதற்கான அடையாளங்கள்.

உதகை ஏரி தேசிய ஏரிகள் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தூர் வாருவதும் ஆகாயத்தாமரையை அகற்றுவதும் தேவையான பணிகளே. எனினும், கால்வாய் வழியே கழிவு வரும்வரை அவற்றின் பயன் நிலைக்காது. ஏரியிலிருந்து வெளியேறும் நீர் சாண்டிநல்லா வழியாகக் காமராசர் சாகர் அணையை அடைகிறது என்பதால், இது ஓர் ஏரியோடு முடியும் சிக்கலும் அன்று.

மீன்களை எண்ணுவது எப்படி?

நீருக்குள் உள்ள மீன்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அடையாளமிட்டு மீண்டும் பிடிக்கும் முறையால் கணக்கிடுகின்றனர். எடுத்துக்காட்டாக, முதல் நாள் 100 மீன்களைப் பிடித்து, துடுப்பில் சிறு அடையாளமிட்டு ஏரியிலேயே விடுவதாகக் கொள்வோம். சில நாள் கழித்து 80 மீன்களைப் பிடிக்கிறோம். அவற்றுள் 8 மீன்களில் அடையாளம் உள்ளது. அதாவது பத்தில் ஒன்று அடையாளமுள்ள மீன். எனவே ஏரியில் உள்ள மொத்த மீன்கள் 100 × 80 ÷ 8 = 1,000 எனலாம்.

இக்கணக்கு சரியாக வரச் சில நிபந்தனைகள் உண்டு. இடைப்பட்ட நாட்களில் மீன்கள் வெளியேறவோ புதிதாக வரவோ கூடாது. அடையாளம் அழியக் கூடாது. விடப்பட்டவை மற்றவற்றோடு நன்கு கலந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழியும்போது மீன்களும் வெளியேறும் என்பதால், மழையற்ற காலமே இதற்கு ஏற்றது.

எண்ணிக்கையோடு அளவையும் பார்க்க வேண்டும். பிடிபடும் மீன்கள் அனைத்தும் ஒரே சிறிய அளவில் இருந்தால், மீன்கள் மிகுந்து இரை போதாமல் வளர்ச்சி நின்றுவிட்டது எனக் கொள்ளலாம். பெரிய மீன்கள் மட்டும் கிடைத்து குஞ்சுகளே இல்லையெனில், முட்டையிடும் இடம் அழிந்திருக்கக்கூடும். எல்லா அளவிலும் மீன்கள் இருப்பதே நல்ல ஏரியின் அடையாளம்.

தூண்டில் மீன்பிடிப்பு

நீலகிரியில் தூண்டில் மீன்பிடிப்பு நெடுங்காலமாகவே விதிகளுக்கு உட்பட்டது. வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கென 1877இல் இங்கு ஒரு சங்கம் தோன்றியது. 1879இல் அதற்கான சட்டமும் இயற்றப்பட்டது. இன்றும் அனுமதியின்றி மீன்பிடிக்கலாகாது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், செல்வதற்கு முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். வனப்பகுதியில் உள்ள நீர்நிலைகளுக்கு வனத்துறையின் இசைவும் வேண்டும்.

உதகை ஏரியில் தூண்டிலுக்குக் கிடைக்க வாய்ப்புள்ள மீன் பெரும்பாலும் சாதாக் கெண்டையே. டிரவுட் பிடிக்க விரும்புவோர் அவலாஞ்சி, மேல் பவானி போன்ற தூய நீர்ப்பகுதிகளையே நாட வேண்டியிருக்கும். கெண்டை பிடிப்பவர் அறிய வேண்டியவை:

- *இரை:* மண்புழு, பிசைந்த கோதுமை மாவு அல்லது கேழ்வரகு மாவு உருண்டை, வேகவைத்த சோளம், உருளைக்கிழங்குத் துண்டு.
- *ஆழம்:* கெண்டை அடியில் மேயும். ஆகவே இரை தரையைத் தொடுமாறு தக்கையின் உயரத்தை அமைக்க வேண்டும்.
- *காலம்:* உறைபனி விழும் திசம்பர், சனவரி மாதங்களில் நீர் மிகக் குளிர்ந்து கெண்டை மிகக் குறைவாகவே இரை எடுக்கும். வெயில் ஏறும் மார்ச்சு முதல் இரை எடுப்பது கூடும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் படகுகளின் சந்தடி மிகுதி.
- *நேரம்:* காலை இளவெயில் ஏறியபின்னும் மாலையிலும் நல்லது. பாசி மிகுந்த ஏரியில் விடியற்காலை உகந்ததன்று. உயிர்வளி குறைவால் மீன்கள் சோர்ந்திருக்கும்.
- *கவனம்:* கெண்டை இரையை உதட்டால் உறிஞ்சிப் பார்த்துத் துப்பும். தக்கை சிறிது அசைந்தவுடன் இழுத்தால் மீன் தப்பிவிடும். தக்கை சீராக நகரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அறுந்த நைலான் நரம்பைக் கரையில் விட்டுவரக் கூடாது. நீர்ப்பறவைகளின் காலில் சிக்கி அவற்றைக் கொல்லும்.

பிடித்த மீனை உண்ணலாமா?

கழிவுநீர் சேரும் ஏரியின் மீனை உண்ணாதிருப்பதே நல்லது. நோய்க் கிருமிகள் மீனின் குடலிலும் செவுளிலும் செதிலிலும் இருக்கும். நன்கு வேகவைத்தால் கிருமிகள் சாகும்; ஆனால் கழுவும்போது கையிலும் அரிவாள்மனையிலும் பிற உணவிலும் அவை பரவும். பாதரசம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் நீரில் கலந்திருந்தால் அவை எவ்வளவு வேகவைத்தாலும் நீங்குவதில்லை. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசம் காரணமாக, அங்குள்ள ஏரியின் நீர், சேறு, மீன் ஆகியவை ஆய்வு செய்யப்பட்டு, பாதரச மாசு பதிவு செய்யப்பட்டது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரும் மீனுக்குள் நஞ்சைச் சேர்க்கக்கூடும் என்பதற்கு அது சான்று.

வருங்காலம்

உதகை ஏரியில் மேலும் மீன் குஞ்சுகளை விடுவதால் மட்டும் மீன்வளம் பெருகாது. இருக்கும் கெண்டையே இனப்பெருக்கம் செய்து நிறையும் தன்மையுடையது. ஏரிக்குள் வரும் கழிவுநீரைத் தூய்மை செய்தபின் விடுதல், எஞ்சிய ஓரப்பகுதிகளைத் தூர்க்காமல் காத்தல், மிகுதியான கெண்டைகளை அவ்வப்போது பிடித்து அகற்றுதல் ஆகிய மூன்றுமே உண்மையான வழிகள். இவற்றுள் முதலாவது நடந்தால்தான் மற்ற இரண்டுக்கும் பலன் உண்டு.

வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீன்களை ஏரியில் விடுவதையும் தவிர்க்க வேண்டும். 1939இல் கொண்டுவரப்பட்ட ஒரு மீன் இன்றும் இந்நாட்டின் மலை ஏரிகளில் ஏற்படுத்திவரும் மாற்றத்தைப் பார்த்தால், ஒரு வாளி மீன் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பது விளங்கும்.