உயிர் இல்லாமல் வந்த "சிப்"!

ரேடியோ பாடாவிட்டால் தலையில் ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறோம். டார்ச் விளக்கு எரியாவிட்டால் பாட்டரியைக் கழற்றி மாட்டுகிறோம். விரல் நகத்தைவிடச் சிறிய பொருளுக்குள் கோளாறு வந்தால்? தட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது!

அப்படி ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டவர், பெடரிகோ பாஜின். 1941-ம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். அமெரிக்காவில், கலிபோர்னியாவில் உள்ள "இண்டெல்" கம்பெனியில் என்ஜினீயராக வேலை பார்த்தார்.

அவர் கையில் இருந்தது "4004" என்ற சிப். கம்ப்யூட்டருக்கும் கைபேசிக்கும் மூளையாக இருக்கிறதே, மைக்ரோபிராசசர்! அந்த இனத்தில் விற்பனைக்கு வந்த முதல் சிப் என்று பெயர் வாங்கியது இதுதான்.

ஜப்பான்காரரின் கோபம்

ஜப்பானில் "பிசிகாம்" என்று ஒரு கம்பெனி. கணக்குப் போடும் யந்திரங்களைச் செய்து விற்று வந்தது. புது யந்திரத்துக்குச் சிப்புகள் செய்து தரும்படி 1969-ம் ஆண்டு இண்டெலிடம் கேட்டது.

பல சிப்புகள் செய்வதற்குப் பதில், ஒரே சிப்பை மூளையாக வைத்து, எல்லா வேலையையும் அதனிடமே கொடுத்துவிட்டால் என்ன? இப்படி ஒரு யோசனை சொன்னார், இண்டெலில் இருந்த டெட் ஹாப். யோசனை பிரமாதம். ஆனால், அதை வரைபடமாக்க ஆள் இல்லை. மாதங்கள் ஓடின.

1970 ஏப்ரல் மாதம் பாஜின் வேலையில் சேர்ந்தார். சில நாளில் ஜப்பானில் இருந்து மசாதோஷி ஷீமா வந்து இறங்கினார். சிப்பின் வரைபடத்தைச் சரிபார்க்க வந்தவர் அவர். படமே இல்லை! எதைச் சரிபார்ப்பது? மனிதருக்கு வந்ததே கோபம்! புதிதாகச் சேர்ந்த பாஜின் மேல்தான் பாய்ந்தார். பாவம், இவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கோபம் தணிந்தபின் இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள். பாஜின் வாரத்துக்கு 70, 80 மணி நேரம் வேலை செய்தார். மொத்தம் 4 சிப்புகள் தேவை. மூன்று வந்துவிட்டன; பெரிய குறை எதுவும் இல்லை. பாக்கி இருந்தது மூளை ஒன்றுதான்.

அதன் அளவு என்ன தெரியுமா? அகலம் 3 மில்லி மீட்டர், நீளம் 4 மில்லி மீட்டர். அதற்குள் 2,300 டிரான்சிஸ்டர்கள்!

மாலை மணி 6

1970-ம் ஆண்டு முடியச் சில நாட்களே இருந்தன. மாலை 6 மணி இருக்கும். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டு இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் புதுச் சிப்புகள் வந்து சேர்ந்தன.

சிப்புகள் தனித்தனியாக வருவது இல்லை. அப்பளம் போன்ற வட்டமான சிலிக்கான் வில்லையில், கட்டம் கட்டமாகப் பல சிப்புகள் இருக்கும். சோதித்தபின்தான் வெட்டி எடுப்பார்கள்.

பாஜின் தனியாகச் சோதனைக் கூடத்துக்குள் போனார். வில்லையைக் கருவியில் வைத்தார். மெல்லிய ஊசிகள் இறங்கி, சிப்பின் ஓரத்தில் உள்ள புள்ளிகளைத் தொட்டன. ஊசி வழியாக மின்சாரம் போகும். சிப் பதில் சொன்னால் திரையில் கோடு நெளியும்.

கோடு நெளியவில்லை.

அடுத்த சிப்... அதுவும் அப்படியே. வேறு வில்லையை எடுத்து வைத்தார். அதிலும் உயிர் இல்லை!

இப்போது இரண்டே வழிதான். ஒன்று, அவர் போட்ட படம் தப்பு. அப்படியானால் மாதக் கணக்கில் செய்த வேலை பாழ். அல்லது, படம் சரி. சிப்பைச் செய்தவர்கள் எங்கோ கோட்டை விட்டிருக்க வேண்டும். எது என்று ஊசி சொல்லாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். குட்டு வெளிப்பட்டது!

முடுக்காத ஸ்குரூ

சிப் என்பது மாடி மேல் மாடி கட்டுவது போன்றது. ஓர் அடுக்கு போட்டு, அதன் மேல் அடுத்த அடுக்கு. அதில் ஓர் அடுக்கின் வேலை, கீழே உள்ள சிலிக்கானையும் மேலே ஓடும் கம்பி போன்ற கோடுகளையும் ஆங்காங்கே சேர்த்து வைப்பது. "புதைந்த இணைப்பு" என்று அதற்குப் பெயர். அந்த அடுக்கைப் போடவே மறந்துவிட்டார்கள்!

வீட்டுக்கு ஒயரிங் செய்ய வந்தவர் எல்லா ஒயரையும் ஒழுங்காக இழுத்துவிட்டு, சுவிட்சில் ஒரு ஸ்குரூவைக்கூட முடுக்காமல் போனால் விளக்கு எரியுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் புதைந்த இணைப்பு பாஜினே கண்டுபிடித்த முறை. முன்பு "பேர்சைல்டு" கம்பெனியில் இருந்தபோது செய்தது.

சிப் அடியோடு செத்துக் கிடந்ததே நல்லதாயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். பாதி வேலை செய்து பாதி மக்கர் செய்திருந்தால், 2,300 டிரான்சிஸ்டரில் எது குற்றவாளி என்று தேடுவதற்குள் தாவு தீர்ந்திருக்கும்.

ஆனாலும், நஷ்டம் நஷ்டம்தான். புது வில்லைகளுக்கு 3 வாரம் காத்திருக்க வேண்டும். ஏற்கனவே தாமதம்.

இரவு மணி 3

1971 ஜனவரியில் புது வில்லைகள் வந்தன. ஊசியை இறக்கும்போது பாஜினின் கை நடுங்கியது. இந்த முறை திரையில் கோடு நெளிந்தது! ஒவ்வொரு பகுதியாகச் சோதித்துக்கொண்டே போனார். சோதித்தது எல்லாம் சரியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது இரவு மணி 3-ஐத் தாண்டிவிட்டது.

வீட்டுக்குப் போனார். மனைவி தூங்காமல் விழித்திருந்தார். சேதியைக் கேட்டு இருவரும் சந்தோஷத்தில் மிதந்தார்கள்.

பிறகு சில சில்லறைக் குறைகள் தெரிந்தன. அவற்றையும் திருத்தி, மார்ச் மாதம் பிசிகாமுக்குச் சிப்புகளை அனுப்பினார்கள். ஜப்பானில் யந்திரம் கணக்குப் போட்டது.

ஒப்பந்தப்படி அந்தச் சிப் பிசிகாமுக்கு மட்டுமே உரியது. அதை மற்றவர்களுக்கும் விற்க வேண்டும் என்று பாஜின் வற்புறுத்தினார். விலையைக் குறைத்துக் கொடுத்து, அந்த உரிமையை இண்டெல் திரும்ப வாங்கியது. 1971 நவம்பர் 15-ந் தேதி பத்திரிகையில் விளம்பரம் வந்தது.

அந்தச் சிப்பின் ஓரத்தில் "எப்.எப்." என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. பாஜினின் பெயர்ச் சுருக்கம். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல அவரே போட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியும்.