லீவுக்குக் கொழும்பு போகும் பிள்ளை

இரண்டாம் தவணை லீவு வந்தால் நம் பிள்ளைகள் சிலர் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் மாமா, சித்தி வீட்டுக்குப் போவார்கள். போன பிள்ளை அங்கேயே கடையில் நின்றுவிடுவதும் உண்டு. பெற்றோரே, 16 வயது ஆகாத பிள்ளையைக் கடை வேலைக்கு வைக்க 2021 முதல் சட்டம் இடம் தருவதில்லை.

அதே லீவில் கொழும்புப் பிள்ளைகள் சிலர், தரம் 6 முதல் 9 வரை படிப்பவர்கள், தொழில்நுட்ப வகுப்புக்குப் போகிறார்கள். சின்ன மோட்டார், பாட்டரி, பற்சில்லு வைத்து வண்டி செய்கிறார்கள். 10 பல் உள்ள சில்லு 40 பல் உள்ள சில்லைச் சுற்றினால், சின்னது 4 சுற்று சுற்றும்போது பெரியது 1 சுற்றுத்தான். வேகம் குறையும், திருகும் பலம் ஏறக்குறைய 4 மடங்காகும். நம்ம ஸ்டோரில் மோட்டார் பறக்கிறது; கொழுந்து உருட்டும் ரோதையோ நிதானமாகச் சுற்றுகிறது. அதுவும் இதே கணக்குத்தான். ரோதைச் சத்தம் கேட்டு வளர்ந்த நம்ம புள்ளைக்கு இது விளங்காதா என்ன?

வகுப்புக் காசு கூடத்தான். முடியாதவர்கள் பள்ளிக்கூடத்தில் நடக்கும் செயன்முறைத் தொழில்நுட்பத் திறன் பாடத்தையாவது விளையாட்டாக விடக் கூடாது. ஏ.எல்.லில் 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அதில் படித்துப் பல்கலைக்கழகமும் போகலாம். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அந்தப் பிரிவு இல்லை. பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று அதிபரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.