விராலும் குறவையும் ஒரே குலம்

ஹைதராபாத், செகந்திராபாத் நகரங்களில் குடியேறும் தமிழர்கள் மீன் மார்க்கெட்டில் முதலில் கற்றுக்கொள்ளும் தெலுங்குச் சொற்களில் ஒன்று 'கொர்ரமீனு'. அது வேறொன்றுமல்ல, நம் ஊர் ஏரிகளில் பிடிபடும் விரால்தான். தொட்டியில் உயிருடன் துள்ளுவதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். விலையும் கட்லா, ரோகு மீன்களை விட அதிகம். ஆகவே எது விரால், எது அதன் பங்காளி என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

விராலின் விலாவில் சாய்வான கரும்பட்டைகள் இருக்கும். குறவை உருவத்தில் சிறியது. உடலில் புள்ளிகள் காணப்படும். பூவிராலுக்கு வால் தொடங்கும் இடத்தில் கண் போன்ற வட்டம் உண்டு. ஒரு மீட்டருக்கு மேலும் அது வளரும்.

பெயர் வந்த கதை

1793-ஆம் ஆண்டில் பெர்லின் நகர மருத்துவர் பிளாக், விராலையும் குறவையும் நூலில் வர்ணித்து, 'பாம்புத் தலை' என்று பொருள்படும் 'ஒஃபிசெபாலஸ்' என்ற பெயரைச் சூட்டினார். நம் தரங்கம்பாடியில் பாதிரியாராக இருந்த ஜான் என்பவர் அவருக்கு மீன்களை அனுப்பி உதவியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

வயிற்றுத் துடுப்பு இல்லாதவை 'சன்னா', உள்ளவை 'ஒஃபிசெபாலஸ்' என்று வெகுகாலம் பிரித்து வைத்திருந்தனர். ஆனால் மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருக்கும் மீன்களை அந்த ஒரு துடுப்புக்காகப் பிரிப்பது சரியல்ல என்று பிற்பாடு தெளிந்தது. இன்று ஆசிய இனங்கள் யாவும் 'சன்னா' என்ற ஒரே பேரினம். இதில் 50-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆப்பிரிக்காவில் வாழும் 3 இனங்கள் 'பாராசன்னா' எனப்படும். பனையேறிக் கெண்டையும் இவற்றுக்குத் தூரத்து உறவுதான்.

இந்த உறவுக்கு அடையாளம், செவுளுக்கு மேலே உள்ள மூச்சு அறை. விரால் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும்! கோடையில் ஏரி வற்றினாலும் சேற்றில் புதைந்து பிழைப்பதும், கடையில் உயிரோடு கிடப்பதும் இதனால்தான்.

கேரளத்தின் புதிர்

2018-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், வயலில் விசித்திரமான மீன் ஒன்று கிடைத்தது. நிலத்தடி நீரில் வாழும் இதை 2019-ல் 'எனிக்மசன்னா' என்று பெயரிட்டு விரால் குடும்பத்தில் சேர்த்தார்கள். இதற்கு மூச்சு அறையே இல்லை. எலும்புக்கூட்டையும் மரபணுவையும் ஆராய்ந்து, 2020-ல் இது தனிக் குடும்பம் என்று அறிவித்தனர்.

குஞ்சுகளைக் காப்போம்

நிலத்தடியில் புதிய உறவு கிடைத்தது மகிழ்ச்சி. ஆனால் கண்ணெதிரே உள்ள விராலின் நிலை என்ன? 1988-ல் நாட்டில் பரவிய புண் நோய் விரால்களைப் பெரிதும் தாக்கியது. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மிதக்க, பெற்ற மீன் அடியில் நின்று காவல் காக்கும். அந்தக் குஞ்சுக் கூட்டத்தை அடையாளம் வைத்தே காவல் மீனைத் தூண்டிலில் பிடிப்போர் உண்டு. காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். ஒரு மீனுக்கு ஆசைப்பட்டு ஒரு குலத்தையே அழிப்பது போலாகும்.

கொர்ரமீனு என்றாலும் விரால் என்றாலும், மழை முடியும் வரை காவல் மீனை விட்டுவைத்தால், அடுத்த ஆண்டும் குழம்புக்குக் குறை இராது.