விதிவிலக்கு விதியை நிறுவுமா?

ஆங்கிலம் பேசுவோரிடையே பெரிதும் பயின்றுவரும் மரபுத்தொடர்களுள் ‘எக்செப்ஷன் புரூவ்ஸ் த ரூல்’ என்பதும் ஒன்று. விதிவிலக்கு விதியை நிறுவும் என்பது அதன் பொருள். தாம் கூறிய பொதுக்கூற்றுக்கு மாறான சான்று காட்டப்படுமிடத்து, அதனைக் கைவிட மனமில்லாதார் இத்தொடரைக் கேடயமாகக் கொள்வர். விதிக்கு மாறானதொன்று விதியை அழிக்குமேயன்றி நிலைநாட்டுதல் எங்ஙனம் என்னும் ஐயம் கற்போர்க்கு இயல்பாகவே எழும்.

இவ்வையத்தை நீக்கக் கருதிய சிலர், ஈண்டுப் ‘புரூவ்’ என்னும் வினைக்குச் சோதித்தல் என்பதே பொருள் என்பர். அவ்வினைக்கு அப்பொருளும் உண்டென்பது மெய்யே. ஆயினும் இத்தொடரின் வரலாறு அவ்விளக்கத்துக்கு இடந்தருவதில்லை.

இத்தொடர் இலத்தீன் மொழிச் சட்டவாசகமொன்றின் சுருக்கமாகும். விலக்கப்படாதவற்றின்கண் விதி செல்லும் என்பதை விலக்கே உறுதிப்படுத்தும் என்பது அவ்வாசகத்தின் முழுக்கருத்து. இக்கருத்தினை உரோம நாவலர் சிசெரோ கி. மு. 56இல் நிகழ்த்திய வாதமொன்றிற் காணலாம். இசுப்பானியாவிலுள்ள கதேசு நகரிற் பிறந்த பல்புசு என்பாருக்குப் பொம்பி வழங்கிய உரோமக் குடியுரிமை செல்லாதென வழக்குத் தொடரப்பட்டது. வேறு சில இனத்தாரோடு உரோமர் செய்த உடன்படிக்கைகளில், அவர்களுள் எவரையும் உரோமக் குடியாக ஏற்றலாகாது என்னும் விலக்கு இருந்தது. விலக்குள்ளவிடத்து ஏற்றல் தகாதெனின், விலக்கில்லாதவிடத்து ஏற்றல் தகும் என்பதே பெறப்படும் எனச் சிசெரோ வாதித்தார். பல்புசு விடுதலை பெற்றார்.

“ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகம் திறக்கப்படமாட்டாது” என்னும் அறிவித்தலைக் காண்பவன், ஏனைய நாள்களில் அது திறக்கப்படும் என உணர்கின்றான். கூறியது கொண்டு கூறாததை உணரும் இம்முறை, அருத்தாபத்தி என்னும் பெயரால் தமிழ் உரையாசிரியர்க்கும் தெரிந்ததே.

ஆகவே, விதியை நிறுவுவது விதியை வகுத்தோரே கூறிய விலக்காகும். உலகிற் காணப்படும் மாறான நிகழ்ச்சியன்று. பவுலர் என்பார் 1926இல் வெளியிட்ட ஆங்கில வழக்ககராதியும் இத்தொடரின் நேரிய ஆட்சியையும் பிழையான ஆட்சியையும் வேறுபிரித்து ஆராய்கின்றது.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியளவில் நின்றுவிடுவதன்று. “கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது” என்கிறார் ஒருவர். ஆங்கிலத்தில் முதலிடம் பெற்ற கிராமத்து மாணவி ஒருத்தியைக் காட்டினால், “அவள் விதிவிலக்கு, விதிவிலக்கு விதியை நிறுவும்” என்கிறார். பதின்மரைக் காட்டினும் அவர்தம் விடை அதுவே. இங்கு விலக்கினை விதித்தார் எவருமிலர். விதி என்பதும் வெறும் எண்ணமே. அவ்வெண்ணத்தைக் காத்தற்பொருட்டு அம்மாணவியின் உழைப்பு கணக்கில் எடுக்கப்படாது ஒழிகின்றது. எச்சான்றுக்கும் அசையாத கூற்று உறுதியுடைய கூற்றன்று, ஆராயப்படாத கூற்றேயாம்.