ஞாயிறு காலையில் ரெஸ்ல்மேனியா: 2024இன் மல்யுத்தக் காட்சிகள் ஒரு மீள்பார்வை

கியா பார்ம், டிச.29 – அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் கேமரன் மலையில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு அல்லது ஒன்பது மணி. கியா பார்ம் சந்தையில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கத் தொடங்கும் நேரம் அது. ஸ்ட்ராபெரி, சோளம், கீரைக் கட்டுகளுக்கு நடுவே வியாபாரம் சூடு பிடிக்கும் அதே வேளையில்தான் உலகத்தின் மறுமுனையில் மல்யுத்த மேடையில் மணி அடிக்கிறது. சுங்கை பாலாஸ் தோட்டத்திலிருந்து பிரிஞ்சாங் வரை உள்ள ரசிகர்களுக்கு ஆண்டு முழுவதும் இந்த நேரக் கணக்கோடுதான் மல்லுக்கட்டு. கடையில் நிற்பவருக்கு முடிவு முதலில் தெரிந்துவிடும். ஆட்டத்தைப் பார்ப்பது இரவில்தான்.

டபிள்யூடபிள்யூஇ நிறுவனம் 2024இல் நடத்திய பெரிய காட்சிகள் 12. மலேசிய நேரப்படி அவற்றில் ஆறு ஞாயிறு காலையில் வந்தன. ஐந்து நள்ளிரவுக்குப் பிறகு. ஒன்றே ஒன்று மட்டும் நமக்கு வசதியான நேரத்தில் வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தக் காட்சிகளைப் பழக்கத்தில் 'பே-பெர்-வியூ' என்கிறோம். ஒவ்வொரு காட்சிக்கும் தனியாகப் பணம் கட்டிப் பார்க்கும் முறை அது. அமெரிக்கக் குடும்பம் ஒன்று ஒரே இரவுக்கு ஐம்பது, அறுபது டாலர் கொடுத்த காலம் உண்டு. 2014 பிப்ரவரி 24ஆம் தேதி அந்நிறுவனம் மாதம் 9.99 டாலருக்கு இணையச் சேவையைத் தொடங்கியதும் அந்தக் கணக்கு உடைந்தது. இப்போது நிறுவனமே 'பே-பெர்-வியூ' என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டது. ரசிகர்கள்தாம் விடவில்லை. போட்டி நிறுவனமான ஏஇடபிள்யூ மட்டும் இன்னும் பெரும்பாலும் பழைய முறையிலேயே காட்சிக்குக் காட்சி விற்கிறது.

ஆண்டு தொடங்கியதே மேடைக்கு வெளியே. ஜனவரி 23ஆம் தேதி, 'ரா' நிகழ்ச்சியைப் பத்தாண்டுகளுக்கு நெட்பிளிக்ஸுக்கு விற்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. மதிப்பு 500 கோடி டாலருக்கும் மேல். அதே நாளில் தி ராக் என்ற டுவெய்ன் ஜான்சன் தாய் நிறுவனமான டிகேஓவின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். மூன்றே நாளில், முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் தொடுத்த பாலியல் வன்கொடுமை வழக்கைத் தொடர்ந்து, நிறுவனத்தைக் கட்டி எழுப்பிய வின்ஸ் மெக்மேன் பதவி விலகினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்துள்ளார். அவர் விலகிய மறுநாள் புளோரிடாவில் ராயல் ரம்பிள். இங்கே தைப்பூசம் முடிந்து மூன்றாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. கோடி ரோட்ஸ் இரண்டாவது ஆண்டாகத் தொடர்ந்து வென்றார். பெண்கள் பிரிவில் பெய்லி.

கோடியின் கதையை அறியாமல் 2024ஐப் புரிந்துகொள்ள முடியாது. அவருடைய தந்தை டஸ்டி ரோட்ஸ் பெரும் புகழ்பெற்ற வீரர். ஆனால் இந்த நிறுவனத்தின் உச்சப் பட்டத்தை அவர் ஒருபோதும் பெறவில்லை. 1977இல் நியூயார்க்கில் சூப்பர்ஸ்டார் பில்லி கிரகாமை வென்றபோதுகூட, எதிராளி மேடைக்கு வெளியே எண்ணிக்கையில் தோற்றதால் பட்டம் கைமாறவில்லை. தந்தைக்குக் கிட்டாததை மகன் அடைய வேண்டும் என்பதே கதை. 2016இல் நிறுவனத்தை விட்டு வெளியேறி, ஏஇடபிள்யூவைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, 2022இல் திரும்பி வந்து, 2023இல் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்று, மீண்டும் வரிசையில் நின்றார் கோடி.

இங்கேதான் சுவையான திருப்பம். ரம்பிள் முடிந்த அடுத்த வாரம், பிப்ரவரி 2ஆம் தேதி, கோடி தம் இடத்தைத் தி ராக்கிற்கு விட்டுக்கொடுப்பது போல் காட்சி அமைத்தார்கள். இயக்குநர் குழுவில் அமர்ந்தவர் மறுவாரமே வரிசையின் முன்னால் வந்து நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ரசிகர்கள் கொதித்தார்கள். கோடிதான் வேண்டும் என்ற முழக்கம் அரங்குகளிலும் இணையத்திலும் எழுந்தது. ஆறே நாளில், லாஸ் வேகாஸ் செய்தியாளர் நிகழ்ச்சியில் கதை மாறியது. தி ராக் வில்லன் ஆனார். கோடிக்கு இடம் திரும்பக் கிடைத்தது.

ஏப்ரல் 6, 7 ஆகிய இரு நாள்களும் பிலடெல்பியாவில் ரெஸ்ல்மேனியா 40. நமக்கு அது ஞாயிறு காலையும் திங்கள் காலையும். இரு நாள்களுக்கும் சேர்த்து 145,298 பேர் வந்ததாக நிறுவனம் அறிவித்தது. முதல் நாள் சாமி ஸெய்ன், 666 நாள் நீடித்த குந்தரின் இண்டர்காண்டினென்டல் ஆட்சியை முடித்தார். இரண்டாம் நாள் கோடி, ரோமன் ரெய்ன்ஸின் 1,316 நாள் ஆட்சியை முடித்தார். இடையில் ஜான் சீனாவும் அண்டர்டேக்கரும் வந்து தலைகாட்டியது சற்று அதிகம்தான். ஆனால் அந்த நேரத்தில் யாரும் குறை சொல்லவில்லை.

"எல்லாம் முன்பே பேசி வைத்ததுதானே, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பேசி வைத்ததுதான். 1989இல் நியூஜெர்சி மாநில மேலவையில் நிறுவனமே, விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலகுவதற்காக, இது கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டது. தெருக்கூத்தில் துரியோதனன் படுகளத்தில் விழப்போகிறான் என்பது விடிய விடிய உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். அதனால் யாராவது பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போகிறார்களா? அவன் எப்படி விழுகிறான் என்பதில்தான் கூத்தாடியின் திறமை இருக்கிறது. பிப்ரவரியில் நடந்தது அதற்கும் ஒரு படி மேல்: பார்வையாளர்கள் கதையையே மாற்ற வைத்தார்கள்.

இப்போது அந்த வசதியான காட்சிக்கு வருவோம். பிப்ரவரி 24, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் எலிமினேஷன் சேம்பர். பெர்த்தும் மலேசியாவும் ஒரே நேரக் கணக்கு. மாலை ஆறு மணிக்கு அங்கே தொடங்கியது, இங்கேயும் ஆறு மணிதான். தோட்ட வேலையும் சந்தை வேலையும் முடிந்து குளித்துவிட்டு உட்காரும் நேரம். 52,590 பேர் திரண்ட அரங்கில் கடைசி ஆட்டமாக வைக்கப்பட்டது பெண்கள் ஆட்டம்: அடிலெய்டில் பிறந்த ரியா ரிப்லி, நியா ஜாக்ஸை வீழ்த்தினார். ஆட்டம் என்று மட்டும் பார்த்தால் சுமார்தான். சொந்த மண்ணில் ஒரு பெண் அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவே நின்ற காட்சிக்காகவே அது நினைவில் நிற்கும்.

12 காட்சிகளில் எட்டு அமெரிக்காவுக்கு வெளியே நடந்தன என்பது இந்த ஆண்டின் இன்னொரு செய்தி. மே 4இல் பிரான்சின் லியோன், பிறகு ஜெட்டா, கிளாஸ்கோ, டொரொண்டோ, பெர்லின், ரியாத், வான்கூவர். லியோனில் கூட்டம் இடைவிடாமல் பாடியது. மேடையை விட அரங்கைப் பார்ப்பதே சுகமாக இருந்தது. ஜெட்டாவில் குந்தரும் நியா ஜாக்ஸும் அரசர், அரசி பட்டங்களை வென்றார்கள். ரியாத் காட்சி நவம்பர் 2, நமக்குத் தீபாவளி முடிந்து வந்த வார இறுதியில் நள்ளிரவு தாண்டி. கோடி குந்தரை வென்றார். கண் விழித்ததற்கு அதில் பெரிதாகப் பலன் இல்லை.

ஆண்டின் சிறந்த பகை எது என்றால், கோடியின் கதையை விட டுரூ மெக்கின்டையர் – சிஎம் பங்க் மோதலைத்தான் சொல்ல வேண்டும். ரம்பிளில் பங்கின் கைத்தசை உண்மையாகவே கிழிந்தது. அந்தக் காயத்தை மெக்கின்டையர் கேலி செய்வதில் தொடங்கியது கதை. ஜூன் 15இல் மெக்கின்டையரின் சொந்த நாடான ஸ்காட்லாந்தில், பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது பங்க் குறுக்கே புகுந்து கெடுத்தார். டொரொண்டோவிலும் அதே கதை. சம்மர்ஸ்லாமில் மெக்கின்டையர் வென்றார். மெர்டேக்கா நாள் இரவு முடிந்து நமக்கு நள்ளிரவில் வந்த பெர்லின் காட்சியில் பங்க். அக்டோபரில் அட்லாண்டாவில் கூண்டுக்குள் நடந்த இறுதி ஆட்டத்திலும் பங்க். இத்தனைக்கும் நடுவில் ஒரு கைவளையல் பறிபோன கதை வேறு. பெரிய காரணம் எதுவும் தேவையில்லை, பங்காளிச் சண்டைக்கு ஒரு சின்னப் பொருள் போதும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா?

இந்திய முகங்களுக்கு இது நல்ல ஆண்டு இல்லை. 2017இல் உச்சப் பட்டம் வென்ற ஜிந்தர் மஹால், ஜனவரியில் சேத் ராலின்ஸை எதிர்த்துப் பட்டத்துக்கு மோதினார். ஏப்ரலில் அவரையும், வீர் மஹான், சங்கா ஆகிய இருவரையும் நிறுவனம் வேலையிலிருந்து விடுவித்தது. 2023 செப்டம்பரில் ஹைதராபாத்தில் ஜான் சீனாவை அழைத்து வந்து காட்சி நடத்தி எட்டு மாதம்கூட ஆகவில்லை.

'விடுவித்தது' என்ற சொல்லைத் தோட்டத்து வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். இந்த வீரர்களை நிறுவனம் ஊழியர்களாக அல்ல, தனி ஒப்பந்தக்காரர்களாகவே கணக்கில் வைக்கிறது. அவர்களுக்குத் தொழிற்சங்கம் கிடையாது. 1986இல் ஜெசி வெஞ்சுரா சக வீரர்களிடம் சங்கம் அமைப்பது பற்றிப் பேசினார், அது கைகூடவில்லை. பின்னாளில் அவர் மின்னசோட்டா மாநில ஆளுநரே ஆனார், சங்கம் மட்டும் இன்னும் வரவில்லை. மலாயாவில் தோட்டத் தொழிலாளர்களுக்கான தேசியச் சங்கம் 1954இலேயே உருவாகிவிட்டது. அதன் குறைநிறைகளைப் பற்றி லயத்து வாசலில் எவ்வளவோ பேசலாம். ஆனால் பேரம் பேச ஒரு மேசை இருக்கிறது. பெரும் பணம் புரளும் தொழிலில், கூண்டின் உச்சியிலிருந்து குதிப்பவனுக்கு அந்த மேசை இல்லை. நவம்பர் 30இல் வான்கூவரில் பிரான்சன் ரீட் அப்படிக் குதித்தபோது அவர் கால் எலும்பு முறிந்தது. முடிவு பேசி வைத்தது. எலும்பு முறிவு அப்படியல்ல.

பிள்ளைகள் மெத்தையிலும் புல்வெளியிலும் இதைச் செய்து பார்ப்பது பெற்றோருக்கு உள்ள நியாயமான பயம். தலைகீழாகத் தூக்கிப் போடும் பிடிகளில் விழுபவரின் கழுத்தைக் காப்பது தூக்குபவரின் கை. அந்தக் கைக்கு நீண்ட பயிற்சி வேண்டும். ஆசை உள்ளவர்களுக்கு நாட்டிலேயே வழி உண்டு. 2014இல் தொடங்கிய மலேசியா புரோ ரெஸ்லிங் அமைப்பில் பயின்ற நோர் டயானா, 'ஃபீனிக்ஸ்' என்ற பெயரில், தலையில் துடோங் அணிந்தபடி, 2019 ஜூலையில் நான்கு ஆண்களை எதிர்கொண்டு பட்டம் வென்றார். அப்போது அவருக்கு வயது 19.

மூத்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. கிங்காங், தாரா சிங் என்ற பெயர்களைச் சொன்னால் இன்றும் முகம் மலர்பவர்கள் இருக்கிறார்கள். பஞ்சாபிலிருந்து 1940களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வேலை தேடி வந்த தாரா சிங், அங்கேதான் தொழில்முறைக் குஸ்தி பழகினார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலாயாவின் வெற்றிவீரர் ஆனார். கிங்காங் என்று அறியப்பட்ட எமில் சாயா, 1970இல் கார் விபத்துக்குப் பின் சிங்கப்பூரில் காலமானார். அப்போதும் பார்க்கப் பணம் கட்டத்தான் வேண்டும், ஆனால் வாசலில் டிக்கெட் வாங்கி.

ஏஇடபிள்யூ பக்கம் ஒரே ஒரு இரவைச் சொல்லாமல் விட முடியாது. மார்ச் 3இல் கிரீன்ஸ்போரோவில், 64 வயது ஸ்டிங் தம் கடைசி ஆட்டத்தை ஆடி, வென்று, விடைபெற்றார். ஜான் சீனாவும் ஜூலையில் டொரொண்டோவில், 2025தான் தமக்குக் கடைசி ஆண்டு என்று அறிவித்துவிட்டார்.

'ரா' 2025 ஜனவரி 6இல் நெட்பிளிக்ஸுக்குப் போனது. அடுத்த ராயல் ரம்பிள் 2025 பிப்ரவரி 1, இண்டியானாபோலிஸில் நடந்தது. இங்கே அது பிப்ரவரி 2, ஞாயிறு காலை, சீனப் புத்தாண்டு விடுமுறையின் நடுவே. கியா பார்ம் சாலையில் வண்டிகள் நகராமல் நிற்கும் நாள். கடைக்காரர்கள் அன்றும் இரவில்தான் பார்த்திருக்க முடியும். அதுவரை முடிவை யாரும் சொல்லாமல் இருந்திருந்தால் சரி.