போத்தலுக்குள் ஒரு பாவாதமலை!



உங்கள் வீட்டுச் சப்பாத்துத் தட்டை ஒருமுறை குனிந்து பாருங்கள். கீழ்த்தட்டில் தூசி படிந்து ஒரு சோடி கன்வஸ் சப்பாத்து கிடக்கிறதா? கிடந்தால் வெட்கப்பட வேண்டாம். எஹலியகொடயில் எனக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில் அது கிடக்கிறது. என் வீட்டிலும் கிடந்தது. கிளினிக்கில் டொக்டர், "கொஞ்சம் நடக்க வேணும், உம்மா" என்று சொன்ன அன்று மாலையே வாங்கியது. மூன்று நாள் நடந்தேன். நான்காம் நாள் மழை. ஐந்தாம் நாளும் மழை. ஆறாம் நாள் வெயில் அடித்தது. ஆனால் மனம் வரவில்லை!

மழையைக் குறை சொல்லி என்ன பயன்? இரத்தினபுரி மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு மழை ஒரு செய்தியா? இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. மழை விட்டாலும் இறப்பர்த் தோட்டத்துப் பாதையில் அட்டை காத்திருக்கும். கொழும்பு - இரத்தினபுரி பிரதான வீதியிலோ லொறியும் பஸ்ஸும் தோளை உரசிக்கொண்டு போகின்றன. போதாக்குறைக்கு, "இவளுக்கு என்ன வந்தது, காலையிலேயே எங்கே போகிறாள்?" என்று கேட்கும் கண்கள். இத்தனையையும் தாண்டித்தான் ஒரு பெண் நடக்கப் போக வேண்டும் என்றால், யாருக்குத்தான் ஊக்கம் நிலைக்கும்?

அதற்காகச் சும்மா இருந்துவிடவும் முடியாது. நமது நாட்டில் 2005-2006இல் நடந்த பெரிய ஆய்வொன்று, வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்குச் சீனி வியாதி இருப்பதாகக் கண்டது. அதற்குப் பின்னர் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. கிளினிக் நாளில் வாங்கில் இடமின்றிச் சுவரில் சாய்ந்து நிற்கும் பெண்களைப் பார்த்தாலே தெரியும்.

"நாங்கள் நாள் முழுக்க வேலை செய்கிறோமே, அது போதாதா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஸுப்ஹுக்கு எழுந்தால் இஷாவுக்குப் பிறகும் குசினி விளக்கு அணைவதில்லை. ஆனால் கொஞ்சம் நேர்மையாக யோசிப்போம். நம் வேலையில் பெரும்பகுதி என்ன? அடுப்படியில் நிற்பது, உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது, துணி மடிப்பது. களைப்பு வருகிறது, உண்மை. ஆனால் மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறதா? உரலும் உலக்கையும் ஆட்டுக்கல்லும் கிணற்றுக் கயிறும் இருந்த காலத்தில் நம் உம்மும்மாமாருக்கு அது தானாகவே கிடைத்தது. இன்று மிளகாய்த்தூள் பைக்கற்றில் வருகிறது, தண்ணீர் குழாயில் வருகிறது. இவை வந்ததற்கு நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்பவள்தான்; உலக்கையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் உலக்கையோடு போன தேகப்பயிற்சிக்குப் பதிலாக எதையாவது வைக்க வேண்டுமே!

எதை வைப்பது? இங்கே ஒரு பஸ் கதை சொல்ல வேண்டும். லண்டனில் ஜெரி மொரிஸ் என்றொரு வைத்தியர் இருந்தார். அங்கே ஓடிய மாடி பஸ்களின் சாரதிகளையும் கொண்டக்டர்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே பஸ், ஒரே வீதி, ஏறத்தாழ ஒரே சம்பளம். சாரதி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கொண்டக்டர் டிக்கட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார். 1953இல் மொரிஸ் வெளியிட்ட முடிவைப் பார்த்து வைத்திய உலகம் வியந்தது. கொண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. அப்படியே வந்தாலும் அதில் உயிர் போவது சாரதிகளைவிட மிகக் குறைவு. அந்த கொண்டக்டர்களில் யாரும் கன்வஸ் சப்பாத்து வாங்கவில்லை. "உடற்பயிற்சி செய்கிறேன்" என்று நினைக்கவுமில்லை. படி ஏறினார்கள், அவ்வளவுதான். (மொரிஸ் தன் சொல்லைத் தானே பின்பற்றியவர், 2009இல் தமது 99ஆவது வயதில்தான் காலமானார்.)

படி! எஹலியகொடயில் நமக்குப் பஞ்சமில்லாத பொருள் அது. மேட்டில் வீடு, பள்ளத்தில் பாதை. இடையில் சீமெந்துப் படிகள்.

எங்கள் பக்கத்தில் ஒரு ராத்தா இருக்கிறார். பெயர் வேண்டாம். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். அவருடைய உம்மாவுக்குச் சீனியால் காலில் புண் வந்து, கடைசியில் பாதத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலுக்கு மருந்து கட்டியவர் இந்த ராத்தாதான். தனக்கும் சீனி என்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட அன்று அவர் அழுதுவிட்டார். பயம் இருந்தால் பயிற்சி தானாக வரும் என்று நாம் நினைக்கிறோம். வரவில்லை! பயம் ஒரு வாரம் நடக்க வைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பயமே, கொப்பியைக் கண்ணில் படாமல் அலுமாரிக்குள் வைக்கச் செய்தது.

மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒரு ஜாம் போத்தல்.

அவருடைய வீட்டுக்கும் பாதைக்கும் இடையில் 32 படிகள். ஒருநாள் பான் வண்டி சங்கீதம் போட்டுக்கொண்டு வந்தபோது, மகளை அனுப்பாமல் தானே இறங்கிப் போய் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. விளையாட்டாக ஒரு கௌபி விதையை வெறும் ஜாம் போத்தலில் போட்டார். ஒரு தடவை ஏறினால் ஒரு கௌபி. அன்றிரவு எண்ணினார்: மூன்று. மறுநாள் நான்கு. மீன்காரர் வந்தால் ஒன்று, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பினால் ஒன்று, லுஹருக்கு முன் சும்மா ஒன்று.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகள்தான் கணக்குப் போட்டாள். ஒரு படி ஏறத்தாழ 15 சென்டிமீற்றர். 32 படிகளென்றால் 4.8 மீற்றர். ஆறேழு கௌபி விழுந்தால் குருவிட்ட பொபத் எல்ல நீர்வீழ்ச்சியின் உயரம், 30 மீற்றர், முடிந்தது! "அப்படியென்றால் பாவாதமலைக்கு எத்தனை, உம்மா?" சிவனொளிபாத மலையின் உயரம் 2,243 மீற்றர். 468 கௌபி.

அந்த மலைக்கு நம் பக்கத்திலிருந்து குருவிட்ட - ஏரத்ன வழியாகவும் பாதை இருக்கிறது. 1344இல் இந்நாட்டுக்கு வந்த இப்னு பதூதாவும் அந்த மலையைத் தரிசித்தார். பாறையில் தொங்கிய சங்கிலிகளைப் பற்றித் தமது பயண நூலில் எழுதியிருக்கிறார். இங்கே பிறந்தும் அதில் ஏறிப் பார்க்காத நம் ராத்தா, தன் வீட்டுப் படியிலேயே அதை ஏறத் தொடங்கினார்! மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு ஏறினார். நோன்பு காலத்தில் ஏறும் நேரத்தை இப்தாருக்குப் பிறகு மாற்றிக்கொண்டார். மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவாக, 468ஆவது விதை விழுந்த அன்று வீட்டில் வட்டிலப்பம் செய்தார்களாம். (சீனிக்காரர் வீட்டில் வட்டிலப்பமா என்று நீங்கள் கேட்பது சரி. அவர் ஒரு கரண்டிதான் சாப்பிட்டதாகச் சொன்னார். நம்புவோம்!)

சகோதரிகளே, இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனித்தீர்களா? ஊக்கம் வந்தபின் அவர் எண்ணத் தொடங்கவில்லை. எண்ணத் தொடங்கிய பின்புதான் ஊக்கம் வந்தது. இடுப்பில் அடி எண்ணும் சிறு கருவியை மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிய 26 ஆய்வுகளை 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கருவி அணிந்தவர்கள் நாளொன்றுக்கு 2,000 அடிக்கு மேல் கூடுதலாக நடந்தார்கள். ஆனால் "இன்றைக்கு இத்தனை" என்று ஓர் இலக்கு வைத்தவர்களுக்கே அந்தப் பலன் தெளிவாகக் கிடைத்தது. வெறுமனே எண்ணினால் போதாது. எண்ணிக்கை போய்ச்சேர ஒரு மலை வேண்டும்.

இலக்கு என்றதும், "பத்தாயிரம் அடி" என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்து முடிந்த கையோடு, 1965இல் ஒரு ஜப்பானியக் கம்பனி அடி எண்ணும் கருவியொன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயர் "மன்போ-கெய்". பத்தாயிரம் அடி மானி என்று பொருள். சொல்லவும் நினைவில் வைக்கவும் வசதியான எண். எந்த வைத்தியரும் அளந்து கொடுத்த மருந்தல்ல. 2019இல் ஐ-மின் லீ என்ற பெண் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் ஏறத்தாழ 17,000 முதிய பெண்களின் அடிகளை எண்ணிப் பார்த்தார்கள். சராசரி வயது 72. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் நடந்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல் நன்மை தென்படவில்லை. இவ்வகை ஆய்வில், ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்களே அதிகம் நடக்கிறார்கள் என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. ஆய்வாளர்களும் அதைக் கவனித்தே கணக்கிட்டிருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், பத்தாயிரத்துக்குப் பயந்து பூச்சியத்தில் நிற்பவர்களுக்கு இது நல்ல செய்தியல்லவா?

இன்னொன்று. பயிற்சியே செய்யாத பிரித்தானியர் ஏறத்தாழ 25,000 பேரின் கைக்கருவிப் பதிவுகளை ஆராய்ந்த முடிவு 2022இல் வெளிவந்தது. நாளாந்த வேலைக்கிடையே ஓரிரு நிமிடம் மூச்சுவாங்க எதையாவது செய்வது, படியில் விரைந்து ஏறுவது, சுமையோடு வேகமாக நடப்பது போன்றவை, நாளுக்கு மூன்று தடவை அமைந்தவர்களிடையே இருதய நோயால் வந்த மரணம் ஏறத்தாழ பாதியாக இருந்தது. ஓரிரு நிமிடம்! சோற்றுப்பானை கொதிவருவதற்குள் முடிந்துவிடும்.

போனிலேயே அடி எண்ணும் வசதி வந்துவிட்டதே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் போன் உங்கள் உடம்போடு இருந்தால்தானே எண்ணும்? நம் வீட்டு உடுப்பில் பொக்கற் ஏது? போன் குளிர்சாதனப் பெட்டிமேல் சார்ஜில் கிடக்கும். நாம் பத்து முறை முற்றத்துக்கு ஓடியிருப்போம். இரவில் பார்த்தால் "212 அடி" என்று காட்டி நம்மை அவமானப்படுத்தும். மகனோ மகளோ கைக்கடிகாரக் கருவி வாங்கிக் கொடுத்தால், அது தேங்காய் துருவும் கையசைவையும் சில வேளை நடையாக எண்ணிவிடும்! எனவே எந்தக் கருவியின் எண்ணையும் பக்கத்து வீட்டாரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அதே கருவியின் நேற்றைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். கருவி இல்லையா? கௌபி இருக்கிறது. கலண்டரில் ஒரு கோடு இழுக்கப் பென்சில் இருக்கிறது. விரலில் மாட்டும் திக்ரு கவுண்டர் இல்லாத வீடு உண்டா? அதில் இன்னொன்று வாங்கினால் படிக்கணக்குக்கு ஆகும்.

படி இல்லாத சமதரை வீட்டுக்காரர் என்ன செய்வது? பிள்ளைகளின் ஸ்கிப்பிங் கயிறு இருக்கிறது; முழங்கால் நோகாதவர்களுக்கு மட்டும். ஈர்க்கில் விளக்குமாற்றால் முற்றத்தை ஒரே மூச்சில், பாதியில் நிற்காமல் கூட்டலாம். உம்ராவுக்குப் போக நிய்யத் வைத்திருக்கும் மாமிமாருக்கு இதைவிட நல்ல இலக்கு எது? ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஒரு தடவைக்கு ஏறத்தாழ 450 மீற்றர். ஏழு தடவைக்கு மூன்று கிலோமீற்றருக்கு மேல். வீட்டு முன்றலில் எத்தனை சுற்று அதற்குச் சமம் என்று பேரப்பிள்ளையை அளக்கச் சொல்லுங்கள். அங்கே போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, ஆறு மாதம் முன்னதாகவே இங்கே தொடங்குவது எவ்வளவு மேல்!

"எனக்கு வயது போய்விட்டது" என்பவர்களுக்கு, முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மாவை அறிமுகப்படுத்துகிறேன். 2023இல், தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். 800 மீற்றரில் வெண்கலம். நாம் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. பான் வாங்கப் போனால் போதும்.

சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடமுடியாது. படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்று, இடது கையிலோ தாடையிலோ வலி வந்தால் உடனே நின்று வைத்தியரிடம் போக வேண்டும். "காஸ்" என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்சுலின் ஊசி போடுபவர்களும் சீனி மாத்திரை எடுப்பவர்களும் ஒரு டொபியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேர்த்து நடுங்கினால் உடனே வாயில் போடுங்கள். சீனிக்காரர் வெறுங்காலோடு ஏறவே கூடாது. கால் மரத்திருந்தால் கல் குத்தியது கூடத் தெரியாது. மழைக்காலத்தில் பாசி பிடித்த படியை முதலில் தேய்த்துக் கழுவுங்கள். அதுவே ஒரு நல்ல பயிற்சி! கர்ப்பிணிகள் கிளினிக்கில் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

ராத்தாவின் சீனி என்ன ஆயிற்று என்று அறிய ஆவலாக இருப்பீர்கள். மாத்திரை நிற்கவில்லை. ஆனால் கடந்த மூன்று கிளினிக்கிலும் டொக்டர் அளவைக் கூட்டவுமில்லை. கொப்பி இப்போது அலுமாரிக்குள் இல்லை. குசினி ஜன்னலில், ஜாம் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் போனபோது போத்தலில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. இரண்டாவது தடவையாம். முதல் தடவை போட்ட கௌபியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஊறப்போட்டு அவித்துச் சாப்பிட்டோம்" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கீழே பாதையில் பான் வண்டியின் சங்கீதம் கேட்டது. மகள் எழுந்தாள். "நீ இரு" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டினார்.