பிள்ளை துப்பாக்கிப் பயிற்சி கேட்டால்...

2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றதைக் கண்ட பிள்ளைகள், கோவையிலும் திருப்பூரிலும் பெற்றோரிடம் இப்பயிற்சிக்கு அனுமதி கேட்கக்கூடும். சகோதர சகோதரிகளே, கேட்டதும் அஞ்ச வேண்டாம். அறியாமல் இசையவும் வேண்டாம்.

ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. உருளையில் அடைத்த காற்றே 4.5 மி.மீ. ஈய ரவையை உந்துகிறது. துப்பாக்கியின் எடை 1500 கிராமைத் தாண்டலாகாது. விசையின் இழுவை 500 கிராமுக்குக் குறையலாகாது. பழையதை மலிவாக வாங்குவோர் காற்று உருளையில் பொறித்துள்ள தேதியைப் பார்க்க மறவாதீர்கள். அதற்கும் ஆயுட்காலம் உண்டு. கருவியின் பழுது சிறு விஷயமன்று. இதே மனு பாக்கர் 2021இல் டோக்கியோவில் துப்பாக்கி பழுதுற்று நேரத்தை இழந்து, 12ஆம் இடத்தோடு திரும்பினார்.

லேத்துப் பட்டறைகள் நிறைந்த நம் ஊரில் வேறோர் ஆசையும் எழலாம்: சுட்ட தோட்டாவை நாமே மீண்டும் நிரப்பினால் என்ன? 25 மீட்டர் போட்டிக்குரிய .22 தோட்டாவில் தீமூட்டும் மருந்து அடி விளிம்பினுள் இருக்கிறது. சுடுகையில் ஊசி அவ்விளிம்பை நசுக்கிவிடுவதால் அக்கூடு மறுபடி உதவாது. வேறு வகைத் தோட்டாக்களை நிரப்ப இயலும். ஆனால் மருந்தின் அளவு மிஞ்சினால் துப்பாக்கி சுடுபவர் கையிலேயே வெடிக்கக்கூடும். உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமுங்கூட.

பயிற்சிக்கூடத்திற்கு ஒருநாள் நீங்களே சென்று நின்று பாருங்கள். சுடாத வேளையில் குழலினுள் வண்ணக் கயிறு செருகப்பட்டிருக்கிறதா? ஒருவர் இலக்குப் பக்கம் சென்றிருக்கையில் மற்றவரைத் துப்பாக்கியைத் தொட விடுகிறார்களா? பயிற்சி முடிந்ததும் பிள்ளை சோப்பிட்டுக் கை கழுவிய பின்பே சோற்றில் கை வைக்கட்டும். ஈயத் தூசு கண்ணுக்குத் தெரியாது.